பின்னலும் பாதமும்

உடுக்கும் துணிக்கும் காலில் தொடும் தோலுக்கும் இடையே நம் நாட்டில் நெடுங்காலமாக ஓர் எல்லை இருந்துவந்தது. துணி தறியிலே பிறந்தது. செருப்பு கத்தியாலும் ஊசியாலும் உருவாயிற்று. நெய்வார் ஊருக்குள் தமக்கென ஒரு தெருவில் வாழ்ந்தனர். தோல் தைப்பாரோ ஊர்ப்புறத்தே ஒதுக்கிவைக்கப்பட்டனர். ஒருவர் தொழிலின் நுட்பத்தை மற்றவர் அறிந்துகொள்ள வழி இருந்ததில்லை. இவ்விரு தொழில்களும் இன்று நம் கண்முன்னே ஒன்றாய்க் கலந்துவருகின்றன. காலணியின் மேற்பாகம் முழுவதையும் நூலினாலேயே ஒரு துண்டாகப் பின்னியெடுக்கும் முறை 2012-ஆம் ஆண்டில் உலகச் சந்தைக்கு வந்தது. அதன் உள்ளே நுரைப்பஞ்சுக்கு மாற்றாக இடப்படும் இடைவெளித் துணி என்பதும் பல துறைகளில் பரவியுள்ளது.

இவற்றைப்பற்றி விளம்பரங்கள் பேசுவன பல. பந்தயத்தில் ஓடுவோன் காலில் எத்தனை கிராம் குறைந்தது, எத்தனை வண்ணங்களில் கிடைக்கும் என்பனவே அவற்றுள் மிகுதி. இப்புதுமையின்மேல் முதல் உரிமை யாருக்கு உண்டு என்னும் வினாவை யாம் ஈண்டு எடுத்துக்கொள்கிறோம். விரைந்தோடும் கால்களுக்கு முன்னே, வலியை அறியும் ஆற்றலை இழந்துபோன கால்களுக்கே அவ்வுரிமை உண்டு என்பது எம் துணிபு. அதற்குரிய காரணங்களைக் கூறுமுன், பின்னல் யாது, இடைவெளித் துணி யாது என்பவற்றைச் சுருக்கமாக விளக்குதல் நலம்.

நெசவில் நூல்கள் நேராகச் செல்கின்றன. பாவு நீளத்தில் ஓட, ஊடை அதன் குறுக்கே மேலும் கீழுமாய்ப் புகுந்து செல்லும். ஆதலின் வேட்டியையோ சேலையையோ நீளவாட்டில் இழுத்தால் அது பெரிதும் நீளாது. பின்னலிலோ நூல் எங்கும் வளைந்தே செல்கிறது. ஒரு கண்ணியின் வயிற்றினுள் மறு கண்ணி நுழைந்து நிற்க, அதனுள் மற்றொன்று நுழையும். இழுத்தால் கண்ணிகள் வடிவம் மாறி இடங்கொடுக்கும். விட்டால் பழைய நிலைக்கு மீளும். நாம் அணியும் பனியன் உடம்போடு ஒட்டி நிற்பதற்கும், காலுறை குதிகாலில் வளைந்து பொருந்துவதற்கும் காரணம் இதுவே. மற்றுமொரு நன்மையும் உண்டு. கண்ணிகளைக் கூட்டியும் குறைத்தும் போவதால், கத்திரிக்கோலின் துணையின்றியே துணிக்கு வேண்டிய வடிவத்தைத் தரலாம். பாட்டிமார் கையால் பின்னிய கம்பளிக் குல்லாய்க்குத் தையல் எங்கே உளது? வெட்டி ஒட்டாமல் அது தலையின் உருண்டை வடிவைப் பெற்றுவிடுகிறதன்றோ?

இக்கைவேலையை யந்திரத்துக்குக் கற்பித்த முதல்வர் வில்லியம் லீ என்பார். இங்கிலாந்தில் நாட்டிங்காம் மாகாணத்துக் கால்வர்ட்டன் என்னும் ஊரினர். அங்கே சபைக் குருவாயிருந்தவர் என்பது வழிவழி வந்த செய்தி. 1589-ஆம் ஆண்டில் அவர் காலுறை பின்னும் சட்டம் ஒன்றை அமைத்தார். கையால் பின்னிப் பிழைக்கும் ஏழைகள் வாழ்விழப்பர் என்று கருதி எலிசபெத் அரசியார் அதற்கு உரிமைப் பத்திரம் தர மறுத்தனர் என்று கூறுவர். லீ பிரான்சு தேசத்துக்குச் சென்றார். அங்கே ஆதரவு காட்டிய நான்காம் ஹென்றி அரசர் 1610-இல் கொலையுண்டார். அதன்பின் சில ஆண்டுகளில் லீயும் வறுமையில் மாண்டார் என்பர். இருநூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், 1863-இல், இன்று காலணி பின்னும் யந்திரங்களுக்கு மூதாதையான தட்டைப் பின்னல் யந்திரத்தை அமைத்தவர் ஐசக் லாம் என்னும் அமெரிக்கர். அவரும் ஒரு சபைப் போதகரே. ஆலயப் பணியில் நின்ற இருவர் இக்கலைக்கு இவ்வளவு செய்திருப்பது, இக்கல்லூரியைச் சார்ந்த நமக்கு ஒரு மகிழ்ச்சி தருவதாகும்.

லீயின் யந்திரம் முதன்முதற் செய்த பொருள் காலுக்குரிய உறை என்பதைக் கருதுக. பின்னல் யந்திரம் பாதத்துக்காகவே பிறந்தது. பிற்காலத்தில் அது பனியனுக்கும் மேற்சட்டைக்கும் சென்று, நான்கு நூற்றாண்டு கழிந்தபின் மீண்டும் பாதத்துக்கே வந்துள்ளது.

நிற்க. பழைய முறையில் ஓட்டக் காலணி எவ்வாறு செய்யப்படுகிறது என்பதை நோக்குவோம். அமெரிக்காவிலுள்ள மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 2013-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒருவகை ஓட்டக் காலணியில் 65 உறுப்புகள் உள்ளன என்றும், அவற்றைச் செய்து சேர்க்க 360-க்கு மேற்பட்ட வேலைகள் நிகழ்கின்றன என்றும் கணக்கிட்டனர். ஓர் இணைக் காலணியால் வானிற் கலக்கும் கரியமில வாயு ஏறத்தாழ 14 கிலோகிராம். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஆலையின் வேலைகளினால் விளைவது என்பதும் அவர்கள் கண்ட முடிவு. தோலையும் துணியையும் நுரைப்பஞ்சையும் துண்டு துண்டாக வெட்டுவதில் மிஞ்சும் கழிவு ஒருபுறம். அத்துண்டுகளை ஒட்டுவதும் தைப்பதும் மற்றொருபுறம். ஒவ்வொரு தையலும் காலணியின் உட்புறத்தே ஒரு சிறு வரப்பாக நிற்கும்.

புதிய முறையில் இவ்வேலைகளுட் பல மறைந்துபோகின்றன. தட்டைப் பின்னல் யந்திரத்தில் ஊசிகள் இரு வரிசையாக, வீட்டுக் கூரையின் இரு சரிவுகளைப்போல் எதிரெதிரே அமைந்திருக்கும். அவற்றின்மேல் நூலைச் சுமந்த வண்டி இங்குமங்கும் ஓடும். ஒவ்வோர் ஊசியும் கண்ணி போடவேண்டுமா, நூலைப் பிடித்துமட்டும் நிற்கவேண்டுமா, வாளா இருக்கவேண்டுமா என்பதைக் கம்ப்யூட்டர் கட்டளையிடுகிறது. ஆகவே ஒரே துண்டில், விரல்கள் வியர்க்கும் இடத்தில் வலைபோலத் துளைகளையும், குதிகாலைத் தாங்கும் இடத்தில் நெருங்கிய கட்டையும், கணுக்காலில் நெகிழ்ச்சியையும் வைக்கலாம். உறுதி வேண்டும் இடங்களில் சூட்டினால் இளகி இறுகும் நூலைச் சேர்த்துப் பின்னி, பின்னர் வெப்பங்காட்டி விறைப்பாக்குவர். 2012-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நைக்கி நிறுவனத்தார் பிளைநிட் என்னும் பெயரால் இத்தகைய காலணியை வெளியிட்டனர். பந்தயக் காலணி ஒன்றின் மேற்பாகமும் நாக்கும் சேர்ந்து 34 கிராம், முழுக் காலணி 160 கிராம் என்று அவர்கள் அறிவித்தனர். அவ்வாண்டே அடிடாஸ் நிறுவனத்தார் பிரைம்நிட் என்பதை வெளியிட, இருவரும் ஜெர்மனியில் நீதிமன்றம் ஏறினர். நியாயவாதிகள் பிழைத்தனர், பின்னலும் வளர்ந்தது.

இனி இடைவெளித் துணியைப்பற்றிக் கூறுவோம். ஆலைகளில் இதனை ஸ்பேசர் துணி என்பர். இரு துணிகள், ஒன்று மேலும் ஒன்று கீழுமாக, ஒரே யந்திரத்தில் ஒரே வேளையில் பின்னப்படுகின்றன. அவ்விரண்டையும் பிணைத்து நடுவிலே எண்ணிறந்த ஒற்றையிழைகள் தூண்களைப்போல் நிற்கின்றன. இவ்விழை தலைமயிரைவிடச் சற்றுத் தடித்த பாலியெஸ்டர் இழையாகும். இரு கூரைத் தளங்களும் அவற்றுக்கிடையே ஓராயிரம் மெல்லிய தூண்களும் உடைய ஒரு மண்டபத்தைக் கற்பனை செய்துகொண்டால் இதன் அமைப்பு விளங்கும். சில மில்லிமீட்டர் முதல் சில சென்டிமீட்டர் வரை இதன் தடிப்பை வேண்டியவாறு அமைக்கலாம்.

இத்துணியை விரலால் அழுத்திப் பார்ப்பார்க்கு மூன்று நிலைகள் தோன்றும். முதலிலே அது எதிர்த்து நிற்கும். பின்பு தூண்கள் வளையத் தொடங்கவே, எடை சிறிதே கூடினும் தடிப்பு நிதானமாகக் குறைந்துகொண்டே போகும். இறுதியிலே தூண்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து நெருங்க, துணி கட்டையாகிவிடும். இவற்றுள் நடுநிலையே நமக்கு வேண்டுவது. மேடான எலும்பின் கீழ்த் துணி தாழ்ந்து கொடுக்க, சுற்றியுள்ள சதையும் எடையில் பங்கு ஏற்கும். ஓரிடத்தில் குவிந்த அழுத்தம் பலவிடங்களிற் பரவும். அன்றியும் நடுவிலுள்ள வெளியில் காற்று இயங்குவதால் வியர்வை தங்காது. நுரைப்பஞ்சு காற்றை அடைத்துச் சூட்டைப் பிடித்துவைப்பது. துணியோடு ஒட்டப்பட்டபின் அதனைப் பிரித்தெடுத்து மறுபயனுக்குக் கொண்டுவருதலும் அரிது. இடைவெளித் துணியோ மூன்று பாகமும் ஒரே பொருளாலாகலாம். மோட்டார் வண்டியின் இருக்கை, மெத்தை, முதுகுப் பையின் பட்டை, முழங்கால் கவசம் முதலியவற்றில் இது புகுந்துள்ளது. நடுவெளியில் உலர்ந்த சிமென்டை நிரப்பி, கால்வாய்க் கரைமேல் பாய்போல் விரித்து நீர் தெளித்துக் கல்லாக்கும் முறையும் உண்டு.

இஃது இவ்வாறிருக்க, வலியறியாத கால்களைப்பற்றிப் பேசப் புகுவோம். நலமுள்ள ஒருவன் காலணிக்குள் ஒரு சிறு கல் கிடந்தால், இரண்டடி வைப்பதற்குள் நின்று கழற்றி உதறுவான். தையல் உறுத்தினால் நடையை மாற்றிக்கொள்வான். வலி என்பது கடவுள் அமைத்த காவலாளி. தொழுநோயினாலோ நீரிழிவினாலோ நரம்பு கெட்டவர்களுக்கு அக்காவலாளி இல்லை. கல் நாள் முழுதும் உள்ளே கிடக்கும். தையலின் வரப்பு ஆயிரம் முறை அதே இடத்தில் தேய்க்கும். மாலையில் இரத்தம் கண்டே அவர்கள் அறிவர். புண் ஆறுமுன் மீண்டும் நடப்பர்; எலும்பு வரை சீழ் ஏறும்; முடிவில் விரலையோ பாதத்தையோ வெட்டியெடுக்கும் நிலை வரும்.

இவ்வுண்மையை உலகுக்குத் தெளிவாக்கியவருள் தலையாயவர் நம் நாட்டு மண்ணிலே பிறந்தவர். கொல்லிமலையில் மிஷனரி பெற்றோருக்கு 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்டு, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் தாமே அழுகி விழுகின்றன என்று அந்நாளில் பலரும் நம்பினர். உணர்வின்மையால் நாள்தோறும் நேரும் காயங்களே அவ்வழிவுக்குப் பெருங்காரணம் என்று அவரும் அவருடன் உழைத்தோரும் காட்டினர். ஒரு பெரிய அடியைக் காட்டிலும், மிதமான அழுத்தம் ஓரிடத்தில் திரும்பத் திரும்பப் படுவது பாதத்தை அழிக்கிறது என்பதும் அவர்கள் கண்டதே. இதற்கு மருந்து மருந்துக்கடையில் இல்லை. செருப்புக் கடையில் உளது என்று சொல்லத்தக்க நிலை ஏற்பட்டது. மைக்ரோசெல்லுலர் ரப்பர் என்னும் மென்மையான ரப்பரை உள்ளே வைத்து, முள் ஏறாத கடின ரப்பரை அடியில் வைத்துச் செய்த செருப்புகள் அம்முயற்சியிலிருந்து வந்தன. பல்லாயிரவர் பாதங்களை அவை காத்தன; இன்றும் காத்துவருகின்றன.

ஆயினும் அச்செருப்புக்கு ஒரு குறை நேர்ந்தது. அது ரப்பரின் குறையன்று. நம் சமுதாயத்தின் குறை. அதன் வடிவும் வண்ணமும் தனியே தெரிந்தமையால், அணிந்தவர் இன்ன நோயினர் என்று தெருவே அறிந்துகொண்டது. பேருந்தில் அருகே அமர்வோர் எழுந்து போயினர். ஆகவே பலர் அச்செருப்பை வீட்டிலே வைத்துவிட்டு வெறுங்காலோடு புறப்பட்டனர். காக்கும் பொருளே காட்டிக்கொடுக்கும் பொருளாயிற்று. பாதத்தைக் காப்பதோடு மானத்தையும் காக்கும் காலணி வேண்டும் என்பதை மருத்துவர்கள் நெடுநாளாகவே கூறிவருகின்றனர்.

இது சிலருக்கே உரிய துன்பம் என்று எண்ணற்க. உலகில் ஓராண்டில் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளருள் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியரே. நீரிழிவோ இன்னும் பரந்த வெள்ளம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவினர் துணைநின்று நடத்தி 2023-இல் வெளியிட்ட கணக்கின்படி, நம் நாட்டில் நீரிழிவுடையார் 10 கோடிக்கு மேற்பட்டவர். அவர்களுள் நரம்பு கெட்டவர் ஒரு பங்கினரே எனினும், அவர் தொகை மிகப் பெரிது ஆகும். இதனைப் படிப்போர் வீடுகளிலும் அவர்கள் இருத்தல் கூடும். உள்ளே தையலில்லாத காலுறை அணிக, வெறுங்காலோடு நடவற்க, அணியுமுன் காலணிக்குள் கைவிட்டுப் பார்க்க என்பன நீரிழிவுப் பாதத்தைப்பற்றி உலக மருத்துவர் வகுத்துள்ள நெறிகள். வீட்டினுள்ளும் வெறுங்கால் ஆகாது என்பது அந்நெறி. நம் வீடுகளின் வழக்கமோ வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுவது.

இவ்விடத்திலேதான் பின்னலும் இடைவெளித் துணியும் வந்து நிற்கின்றன. உள்ளே வரப்பில்லாத மேற்பாகம் ஓட்டக்காரனுக்கு ஒரு சுகம். உணர்வற்றவனுக்கோ அது புண்ணுக்கும் புண்ணின்மைக்கும் உள்ள வேற்றுமை. விரல் மடங்கியும் எலும்பு புடைத்தும் போன பாதத்துக்குக் கடையிலுள்ள அளவுகள் பொருந்தா. பின்னல் யந்திரத்துக்கு ஒவ்வொரு பாதமும் ஒரு புதிய கட்டளை மட்டுமே. அச்சுக் கத்தி செய்யவேண்டுவதில்லை. நெகிழ வேண்டும் இடத்தில் நெகிழவும், பிடிக்க வேண்டும் இடத்தில் பிடிக்கவும் அவ்வொரு பாதத்துக்கென்றே அதனை ஏவலாம். எல்லாவற்றினும் மேலாக, அக்காலணி இளைஞர் அணியும் விளையாட்டுக் காலணியைப் போன்றே தோன்றும். அதனை அணிந்து செல்வோரைத் தெரு திரும்பிப் பாராது.

வீட்டுக்கென ஒரு காலணியும் இதனால் அமையும் என்று யாம் கருதுகிறோம். மேலே பின்னல், உள்ளே இடைவெளித் துணி, அடியில் வழுக்காத மெல்லிய ரப்பர். வீட்டினுள் மட்டும் அணிவது. வாரத்துக்கொருமுறை துவைத்துக் கொடியில் உலர்த்தத்தக்கது. தோற்செருப்பை அடுக்களைக்குள் விட மனமில்லாத பாட்டியாரும், துவைத்த துணியாலான ஒன்றை மறுக்கமாட்டார். மருத்துவர் எத்தனை முறை கூறினும் மாறாத வழக்கம், வழக்கத்தோடு இயைந்த ஒரு பொருளால் மாறுவதுண்டு.

இக்கருத்துக்கு எதிராகக் கூறத்தக்கன சில உள. அவற்றை மறைத்தல் நேர்மையன்று. முதலாவது, இத்துணிகள் மைக்ரோசெல்லுலர் ரப்பருக்கு ஈடாகும் என்று யாம் சாதிக்க வரவில்லை. ஒற்றையிழைத் தூண்கள் பல்லாயிரம் முறை மிதியுண்டால் தம் வலியை இழக்கலாம். முறிந்த இழை மேற்றுணியைத் துளைத்துத் தோலைக் குத்தவும் கூடும். பின்னல் மிகுதியாய் நெகிழ்ந்தால் பாதம் உள்ளே வழுக்கி, உராய்வே புண்ணுக்கு வித்தாகும். தெருவிலே முள்ளும் கண்ணாடித்துண்டும் கிடக்கும் நாட்டில் துணி ஒன்றே காவலாகாது. ஆதலின் ரப்பரோடு சேர்த்து, அளந்து, மருத்துவர் கண்காணிப்பில் சிலரிடம் சோதித்த பின்னரே பலருக்கு வழங்கவேண்டும்.

இரண்டாவது, பாலியெஸ்டர் மக்காத பொருள். துவைக்குந்தோறும் நுண்ணிழைகளை நீரில் உதிர்ப்பது. தொழிலின் அழுக்கு ஆற்றைச் சேரும் என்பதை நாம் இருமுறை பட்டறிந்துள்ளோம். தோற்பதனிடும் சாலைகளின் கழிவால் பாலாறு கெட்ட வழக்கில் 1996-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்புரைத்தது. நொய்யலை நஞ்சாக்கிய திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் கட்டளையிட்டது. சாயத்தையும் கழிவையும் முதலிலேயே எண்ணாத புதுமை, பின்னர் நீதிபதி சொல்லக் கேட்டுத் திருந்த நேரிடும்.

மூன்றாவது, பிழைப்பைப் பற்றியது. ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதியில் காலணி மேற்பாகங்களை வீட்டிலிருந்தே கையால் தைத்துப் பிழைக்கும் பெண்கள் உளர். தையலே வேண்டாத காலணி வந்தால் அவர் நிலை யாது? இவ்வினா லீயின் காலத்திலேயே எழுந்தது. 1811-ஆம் ஆண்டு முதல் நாட்டிங்காம் தொழிலாளர் காலுறைச் சட்டங்களை உடைத்தனர். அவர்கள் யந்திரத்தைக் கண்டு மருண்ட மூடர் என்று சரித்திர வகுப்பில் கேட்டிருப்போம். அவர்களது முறையீடுகளுள் ஒன்று, அகலத் துணியைப் பின்னி வெட்டித் தைத்த போலிக் காலுறைகளால் விலையும் கூலியும் தாழ்ந்தன என்பது. வடிவத்தோடு பின்னுவதே தம் தொழிலின் நேர்மை என்று அவர்கள் வாதித்தனர். சட்டத்தை உடைப்போருக்கு மரணதண்டனை விதிக்கும் மசோதாவை எதிர்த்து 1812 பிப்ரவரியில் பைரன் பிரபு பிரபுக்கள் சபையில் பேசியும், அது சட்டமாயிற்று. அவர்கள் விரும்பிய வடிவப் பின்னலையே இன்று யந்திரம் செய்கிறது. அவர்கள் கேட்ட நியாயக் கூலியைமட்டும் தானாகச் செய்யும் யந்திரம் எங்கும் இல்லை.

யந்திரங்களால் மட்டும் காலணி செய்யலாம் என்னும் கனவும் எளிதன்று. அடிடாஸ் நிறுவனத்தார் ஜெர்மனியின் ஆன்ஸ்பாக்கிலும் அமெரிக்காவின் அட்லாண்டாவிலும் பெரும்பாலும் யந்திரங்களால் இயங்கும் ஆலைகளை நிறுவினர். 2019 நவம்பரில் அவற்றை மூடப்போவதாக அறிவித்து, அம்முறைகளை வியட்நாமிலும் சீனத்திலும் உள்ள ஆலைகளுக்கு மாற்றினர். கைத்திறன் உள்ள மக்களிடமே தொழில் திரும்பிவந்தது. நோயாளிக்கென அளந்து செய்யும் காலணியிலோ மனிதர் கை இன்னும் மிகுதியாக வேண்டும். பாதத்தை அளப்பதும், அடியைப் பொருத்துவதும், அணிவித்து நடக்கச்செய்து திருத்துவதும் யந்திரத்தால் ஆகாதன. ஆம்பூர்த் தாய்மாரின் விரல்கள் அறிந்த நுட்பத்தை இவ்வேலைக்குத் திருப்பி, உரிய கூலியும் தருதல் கூடும் என்பது எம் நம்பிக்கை. அவ்வாறு திருப்பாமல் விட்டால், அவர்கள் இழப்பு உறுதி.

இவ்வளவுக்கும் வேண்டிய உறுப்புகள் எல்லாம் தமிழ்நாட்டில் இருக்கின்றன என்பதே வியப்பு. பின்னல் அறிந்தவர் திருப்பூரில். காலணி அறிந்தவர் ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும். தோலும் காலணியும் ஆராய்வதற்கென 1948-இல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் சென்னை அடையாற்றில். உணர்வற்ற பாதத்தை அறிந்தவர் வேலூரிலும், 1955 முதல் அருகேயுள்ள கரிகிரியிலும். மாநில அரசு 2022-இல் காலணித் தொழிலுக்கெனத் தனிக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. தைவான் நாட்டார் முதலிட்டுச் செய்யாற்றில் நடத்தும் ஆலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் உலகுக்கு விளையாட்டுக் காலணி செய்து அனுப்புகின்றனர். திருப்பூரில் காலை வண்டி ஏறினால் அன்றே வேலூரை அடையலாம். இவர்கள் ஒருவரோடொருவர் கூடிப் பேசுவதற்கு அந்த ஒரு பகற்பயணமே தூரம். அதனைக் கடக்கச் செய்வார் வேண்டும்.

அப்பணி கல்லூரிகளுக்கு உரியது. பெரும் ஆலையார் இலாபம் நோக்குவர். பந்தயக்காரர் தரும் விலையை நோயாளி தரமாட்டார். மருத்துவமனைக்கோ அன்றாட வேலையே தீராது. நம் பௌதிக வகுப்பினர் இடைவெளித் துணியின் துண்டுகளை வாங்கி, ஆயிரம் முறையும் பதினாயிரம் முறையும் அழுத்தி, ஒவ்வொரு தடிப்பும் எத்துணை தளர்கிறது என்று பட்டியல் இடலாம். இரசாயன வகுப்பினர் வியர்வையும் நம் ஊர் வெயிலும் அவ்விழையை என் செய்கின்றன என்று ஆராயலாம். வாணிக வகுப்பினர் ஓர் இணை வீட்டுக் காலணி என்ன விலைக்கு அடங்கும், அதனை ஏழை வாங்க வழி யாது என்று கணக்கிடலாம். தமிழ் வகுப்பினர் மருத்துவரின் நெறிகளைப் பாட்டிமார் கேட்டு நடக்கும் சொற்களில் எழுதிக் கொடுக்கலாம். பின்னலாலைகளிலும் காலணி ஆலைகளிலும் மருத்துவமனைகளிலும் பணிபுரியும் நம் பழைய மாணவர், ஓய்ந்த நேரத்தில் யந்திரத்தை ஒரு மணி நேரம் இரவல் தரினும் பேருதவியாகும். பட்டத்துக்கென எழுதி அலமாரியில் உறங்கும் ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்கு இதனினும் நல்ல பொருள் கிடைப்பது அரிது.

அறிவியற் புதுமை ஒவ்வொன்றும் முதலில் வலியாரையே நாடிச் செல்கிறது. விலை கொடுப்பவர் அவரே ஆதலின் அதனைக் குறைகூறுதல் வீண். ஆயினும் அங்கேயே அது நின்றுவிடாதபடி வழிகாட்டுதல் கற்றோர் கடன். தம் சீடர்களின் பாதங்களைக் கழுவித் துண்டினால் துடைத்த ஆசிரியரின் பெயரால் அமைந்தது நம் கல்லூரி. பாதத்தைத் தொடுவது இழிவென்று இந்நாடு நெடுங்காலம் கருதியபோது, வேலூரிலும் கரிகிரியிலும் அதனைக் கையிலேந்தி ஆராய்ந்தோர் அவ்வாசிரியரைப் பின்பற்றியவர்களே. அவர்கள் கையில் அந்நாளில் ரப்பர் இருந்தது. நம் கையில் இன்று பின்னலும் இருக்கிறது. வரும் ஆண்டுக்குள் ஓர் இணைக் காலணியையேனும் செய்து, மருத்துவர் முன்னிலையில் அதனை ஒருவர் காலில் அணிவித்து, அது தாங்கியதா தளர்ந்ததா என்று இம்மலரிலேயே மெய்யாக எழுதுவோமாக.